பழைய ரோசாவின் பெயர்

பிரான்சு தேசத்து லியோன் நகரிலே, கியோ என்னும் ரோசா வளர்ப்பாளர் 1867ஆம் ஆண்டில் 'லா பிரான்ஸ்' என்ற ரோசாவை வெளியிட்டார். கலப்புத் தேயிலை ரோசாக்களுள் அதுவே முதலாவது என்பர். வெள்ளி படர்ந்த இளஞ்சிவப்பு நிறமும், புறத்தே சுருளும் இதழ்களும், மிகுந்த நறுமணமும் அதன் அடையாளங்கள்.

இத்தகைய ரோசாவின் விதையிலிருந்து தாயைப் போன்ற பிள்ளை பிறப்பதில்லை. தண்டை வெட்டி நட்டு வேர்விடச் செய்தல் வேண்டும். அன்றேல், இலைக்கணுவிலுள்ள அரும்பை எடுத்து வலிய வேறொரு ரோசாவின் தண்டில் ஒட்டுதல் வேண்டும். ஆகவே, கடைசிச் செடி பட்டுப்போனால் அவ்வினமே உலகினின்றும் மறைந்துவிடும்.

ஒட்டுச்செடிக்கும் ஓர் இடர் உண்டு. ஒட்டின் கீழிருந்து எழும் தளிர்களைக் களையாவிடின், அவை உணவைக் கவர்ந்து மேற்செடியை நலிவித்துவிடும். பழந்தோட்டத்திற் பூத்து நிற்பது சிலவேளை அடிச்செடியின் பூவாகவே இருக்கும்.

இனம் அறிய விரும்புவோர் பூவை மட்டும் நோக்குதல் போதாது. முள், இலை, மொட்டு, மணம் ஆகிய அனைத்தையும் குறித்துக்கொண்டு, பெயர் தெரிந்த செடியோடு ஒப்பிடல் வேண்டும். ஜேர்மனியின் சாங்கர்ஹவுசன் நகரில் 1903இல் அமைந்த ரோசாத் தோட்டம் அத்தகைய பழைய இனங்களைப் பெயரோடு பேணி வருகின்றது.

பெயரறியாப் பழஞ்செடியை வெட்டி எறியுமுன், அதன் தண்டொன்றை நட்டு வைத்தல் நன்று. பெயரைப் பின்னரும் தேடலாம். செடியைத் தேட முடியாது.