மின்கட்டண நிலுவை: கடனாளியின் பொறுப்பும் ஜமாஅத்தின் பொறுப்பும்

கடன் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கைமாற்றும், நகை அடகும், திருமணச் செலவுக்காகப் பெற்ற தொகையுமே. எரிந்து முடிந்த விளக்குக்கும் சுழன்று ஓய்ந்த மின்விசிறிக்கும் கொடுக்கவேண்டிய தொகையை நாம் கடன் என்று எண்ணுவதில்லை. 'கரண்ட் பில்' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பயனைப் பெற்றுக்கொண்டு விலையைக் கொடுக்காமல் பொறுப்பில் நிற்பது எதுவாயினும் அது 'தைன்', அதாவது கடன்தான் என்பது ஃபிக்ஹின் பார்வை. தமிழகத்தில் நெடுங்காலமாக இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்கணக்கெடுக்கும் முறை இருந்துவருகிறது. மின்சாரம் முதலில் வருகிறது. விலை பின்னர் கேட்கப்படுகிறது. எனவே ஒவ்வொரு குடும்பமும் கணக்கெடுப்பு நாளன்று ஒரு கடனாளியாகிறது.

வசதியுள்ளவர்க்கு இது பொருட்டன்று. குறைந்த வருவாயுள்ள குடும்பத்திற்கோ இதில் ஓர் இயல்பான முரண் இருக்கிறது. பீடி சுற்றுபவரும், தோல் பதனிடும் தொழிலாளியும், கட்டடக் கூலியும் நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ ஊதியம் பெறுகின்றனர். வந்த கூலி அந்த வாரத்து அரிசிக்கும் மருந்துக்கும் தீர்ந்துவிடுகிறது. மின்கட்டணமோ எட்டு வாரங்களுக்கு உரியது ஒரே தொகையாக வந்து நிற்கிறது. ஆகவே நிலுவை விழுவதற்கு ஊதாரித்தனம் ஒன்றே காரணம் என்று கருதுவது பிழை. வரவின் காலமும் செலவின் காலமும் பொருந்தாமையே பெரும்பாலும் அதன் வேராகும்.

கட்டணத்தின் அமைப்பையும் அறிந்துகொள்வது அவசியம். 2016 மே மாதம் முதல் தமிழகத்தின் வீட்டு இணைப்புகளுக்கு இருமாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 500 யூனிட் பயன்படுத்திய குடும்பம் 1,725 ரூபாய் செலுத்தவேண்டியிருந்தது. ஒரு யூனிட் கூடி 501 ஆனால் தொகை 1,958 ரூபாயாயிற்று. 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த பாதிவிலைச் சலுகை நீங்கியதே காரணம். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய் என்றாகிறது. வீதங்கள் பின்னர் மாறினாலும் பாடம் மாறவில்லை: ஆறாம் வாரத்தில் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்பவர் எஞ்சிய இரு வாரங்களில் எல்லையைத் தாண்டாமல் தம்மைக் காத்துக்கொள்ள முடியும். 75 வாட் பழைய மின்விசிறி நாளொன்றுக்கு 20 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 90 யூனிட் செலவாகிறது. 30 வாட்டில் இயங்கும் புதிய வகை மின்விசிறிக்கு 36 யூனிட் போதும். வீண்விரயத்தைத் தடுத்த மார்க்கத்தின் கட்டளை இங்கே கணக்காகவே கண்ணுக்குத் தெரிகிறது.

ஆயினும் குடும்பங்களை அழிப்பது முதல் கடன் அன்று. அதை அடைப்பதற்காக வாங்கும் இரண்டாம் கடனே. இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் 2,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டிக்கு வாங்குபவர் ஆறு மாதத்தில் 1,200 ரூபாய் வட்டி கொடுத்திருப்பார். முதல் அப்படியே நிற்கும். இடையில் மேலும் மூன்று மின்கட்டணங்கள் வந்திருக்கும். கந்துவட்டியைத் தடைசெய்து தமிழக அரசு 2003-இல் சட்டம் இயற்றியும் இப்பழக்கம் ஒழிந்தபாடில்லை.

உதவி என்ற பெயரில் வரும் கடனும் சுமையாகலாம் என்பதற்குச் சமையல் எரிவாயுவில் ஒரு சான்று உண்டு. 2016 மே 1 அன்று தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தில் வைப்புத்தொகையை அரசு ஏற்றது. அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாகப் பெறலாம் என்றிருந்தது. அக்கடன் தீரும்வரை மானியம் பயனாளியின் கைக்கு வராமல் கடனுக்கே ஈடுசெய்யப்பட்டது. எனவே மிக ஏழையான குடும்பமே சிலிண்டருக்கு முழுவிலை கொடுக்க நேர்ந்தது. 2018-இல் முதல் ஆறு சிலிண்டர்களுக்கு இப்பிடித்தம் ஒத்திவைக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அடுப்பும் முதல் சிலிண்டரும் இலவசமாக்கப்பட்டன. கடனாளிக்கு அவகாசம் அளித்தலும், இயன்றால் தள்ளுபடி செய்தலும் எத்துணை நடைமுறை அறிவு பொதிந்தவை என்பதை இம்மாற்றங்கள் உணர்த்துகின்றன.

இரண்டாம் கடனைத் தவிர்க்க வேண்டுமானால் முதல் கடனில் நமக்குள்ள உரிமைகளை அறிந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 56ஆம் பிரிவின்படி, எழுத்து மூலம் முழுமையாக 15 நாட்களுக்குக் குறையாத அறிவிப்புக் கொடுத்த பின்னரே நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்க இயலும். தொகை தவறு என்று கருதுபவர், கேட்கப்பட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரியின்படி அமையும் தொகையையோ, எது குறைவோ அதனை, ஆட்சேபத்துடன் செலுத்திவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. 42ஆம் பிரிவு நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளரையும் ஏற்படுத்தியுள்ளது. 2020 ஊரடங்கின்போது முந்தைய கணக்கின் தொகையையே செலுத்துமாறு கூறப்பட்டு, பின்னர் நான்கு மாதப் பயன்பாடு சேர்த்துக் கணக்கிடப்பட்டபோது பலர் திகைத்துப்போயினர். அத்தகைய வேளையில் பழைய ரசீதுகளையும் மீட்டர் குறிப்புகளையும் வைத்திருந்தவரே கேள்வி கேட்கும் தகுதியுடையவராக இருந்தார். கடனைச் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிவைக்கச் சோர்வடையலாகாது என அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிப்பதன் பயன் இதுவே.

உரிமைக்கு மறுபக்கம் கடமை. கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது அதே சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி குற்றம்; மார்க்கத்தின்படி பிறர் உரிமையைக் கவர்தல். நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாவல் தேடியதற்குக் காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கவும் வாக்களித்தால் மீறவும் நேர்கிறது என்ற கருத்தில் விளக்கமளித்தார்கள். எனவே கெடு முடியும் முன்பே அலுவலகத்திற்குச் சென்று நிலைமையை உள்ளபடி கூறுவதும், தவணை வேண்டி எழுத்தில் கேட்பதும், ஒவ்வொரு வாரமும் கூலி வந்த நாளிலேயே மின்சாரத்திற்கென ஒரு பங்கை ஒதுக்குவதும் கடனாளியின் பொறுப்பாகும். 1,725 ரூபாய்க் கட்டணம் எட்டு வாரங்களுக்குப் பகிரப்பட்டால் வாரத்திற்கு ஏறத்தாழ 216 ரூபாய்.

அந்த 216 ரூபாயும் எஞ்சாத வீடுகள் உண்டு. அங்கே பொறுப்பு ஜமாஅத்தின் மீது வந்துசேர்கிறது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எண்ணும்போது கடன்பட்டோரையும் (காரிமீன்) குறிப்பிடுகிறது. நம் ஊர்களில் ஸகாத் பெரும்பாலும் ரமளானில், சேலையாகவும் சில்லறையாகவும் பகிரப்படுகிறது. நிலுவையோ ஆண்டில் ஆறு முறை வருகிறது. பைத்துல்மால் நடத்தும் ஊர்கள், ஸகாத்தின் ஒரு பகுதியை ஆண்டு முழுவதும் மின்கட்டண நிலுவைக்கென வைத்திருக்கலாம். கடனாளியின் அனுமதியைப் பெற்று அவர் சார்பில் நேரடியாகச் செலுத்துவதற்கு ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் இடமுண்டு. அனுமதி பெறுதல் என்ற நிபந்தனை ஏழையின் மானத்தைக் காப்பதாகவும் அமைகிறது. ஸகாத்திற்குத் தகுதி பெறாத, ஆனால் தற்காலிக நெருக்கடியில் உள்ள குடும்பத்திற்கு வட்டியில்லாக் கடனான கர்ளுன் ஹஸன் போதும். பழைய மின்விசிறியை மாற்றுவதற்கும் அதனையே வழங்கினால் அடுத்த நிலுவையின் வேரும் தளரும்.

கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியபோது, அக்கடனைத் தாம் ஏற்பதாக அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்தார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த வரலாற்றை மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். இறந்தவரின் சில தீனார்களுக்குப் பொறுப்பேற்றவரைப் போற்றும் நாம், நம் தெருவில் உயிரோடிருப்பவரின் ஈராயிரம் ரூபாய்க்குப் பொறுப்பேற்கக் கெடு முடியும்வரை காத்திருப்பது முறையாகுமா?