ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பு கப்பல்கள் வழி கண்டது எப்படி? பழைய டிரான்சிஸ்டரில் இருக்கிறது விடை

பரளச்சி பக்கம் டிரான்சிஸ்டர் வைத்திருந்த வீடுகளில் இது தினசரி கூத்து. திருநெல்வேலி வானொலி கேட்கும்போது பெட்டியைக் கொஞ்சம் திருப்பினால் சத்தம் அமுங்கிவிடும். "இப்படி வை, அப்பதான் எடுக்கும்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கரிசல் காட்டில் நடந்த இதே விஷயத்தை நம்பித்தான் கப்பல்கள் கரை சேர்ந்தன.

மத்திய அலை டிரான்சிஸ்டருக்குள் கம்பி சுற்றிய ஃபெரைட் தண்டு ஒன்று இருக்கும். அதுதான் ஆன்டெனா. தண்டின் நுனி நிலையத்தைப் பார்த்து நின்றால் ஒலி மிகவும் குறையும். கப்பலில் அதற்குப் பதிலாக வளைய ஆன்டெனா. சத்தம் எங்கே கூடுகிறது என்று பார்க்க மாட்டார்கள். எங்கே அடங்குகிறது என்றுதான் பார்ப்பார்கள். ஏன்னா, அடங்கும் இடம்தான் கூர்மையாகத் தெரியும். கரையில் இரண்டு ரேடியோ பீக்கன்களின் திசை கிடைத்தால் போதும். வரைபடத்தில் கோடு இழுத்தால், வெட்டும் இடத்தில் கப்பல். ராத்திரியில் மட்டும், வானில் பட்டுத் திரும்பும் அலை கலந்து ஏமாற்றிவிடும்.

இரண்டாம் உலகப்போர் டெக்காவையும் லோரானையும் தந்தது. லோரான் பார்ப்பது நேரத்தை. இரு நிலையங்களின் துடிப்புகள் எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்று கருவி அளக்கும். ஒரு மைக்ரோ விநாடி என்றால் 300 மீட்டர் தூர வித்தியாசம். அந்த வித்தியாசம் ஒரு வளைகோட்டைத் தரும். இன்னொரு ஜோடி நிலையம் இன்னொரு வளைகோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் விடை.

இந்தியாவில் லோரான்-சி சங்கிலிகள் இரண்டு. மேற்கே வேராவல், பிலிமோரா பக்கம் ஒன்று. கிழக்கே பாலசோர், டைமண்ட் ஹார்பர் பக்கம் ஒன்று. தமிழகத்தில் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தாலும் வள்ளத்தில் போகிறவருக்கு அந்தக் கருவி எட்டாக்கனிதான்.

குமரி மீனவர்கள் மலையையும் கோபுரத்தையும் வைத்துக் 'கணியம்' பார்த்தார்கள். பாக் நீரிணையில் அதற்கும் வழி குறைவு, தட்டையான கரை. அங்கேதான் 1974-இல் இந்தியாவும் இலங்கையும் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் எல்லைக்கோடு போட்டன. ராமேஸ்வரத்திலிருந்து இரவில் கிளம்பிய படகில், அந்த எண்களைப் படிக்க அன்று ஒரு கருவியும் கிடையாது. கையடக்க ஜி.பி.எஸ். வந்தது பல வருஷம் கழித்துதான்.

அமெரிக்கா 2010-இல் லோரான்-சியை மூடிவிட்டது. வடகொரியா ஜி.பி.எஸ். சிக்னலைக் குழப்பியதைப் பார்த்த தென்கொரியாவோ, அதன் புது வடிவமான இ-லோரானைக் கையில் எடுத்திருக்கிறது.