கம்ப்ரஷன் உடை: எப்போது போடுவது, எப்படிப் பார்த்து வாங்குவது?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும், ராமேஸ்வரம் தீவிலுள்ள அக்காள்மடத்து இளைஞர் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு விநாடியும் கணக்கில் வரும் அந்த நிலையில், தொடையையும் ஆடுசதையையும் கவ்விப் பிடிக்கும் கம்ப்ரஷன் டைட்ஸும் ஸ்லீவும் ஆசை காட்டத்தான் செய்யும். வீட்டில் கஷ்டப்பட்டுச் சேர்த்த காசை அதில் போடுமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்த உடையால் ஓட்டத்தின் வேகம் கூடும் என்பதற்குச் சான்று மிகவும் பலவீனம். ஓடி முடித்த பிறகு வரும் வலியைக் குறைப்பதற்குத்தான் ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. ஆகவே பெரும்பாலானோர் இதைப் போடும் நேரமே தவறு.

இந்த உடையின் தொடக்கம் விளையாட்டுத் திடலில் இல்லை, மருத்துவத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியப் பொறியாளர் கான்ராட் ஜாப்ஸ்ட் கால் ரத்தக்குழாய் நோயால் அவதிப்பட்டவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி தணிவதைக் கவனித்தார். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தில் கூடுதலாகவும் மேலே வர வர குறைவாகவும் இருப்பதே காரணம் என்று புரிந்துகொண்டு, கணுக்காலில் அதிகமாகவும் முழங்கால் பக்கம் குறைவாகவும் இறுக்கும் காலுறையை 1950களில் உருவாக்கினார். கீழே தேங்கும் ரத்தத்தை இதயம் நோக்கி மேலே தள்ளுவதே அதன் வேலை. ஓடும்போது ஆடுசதையே சுருங்கி விரிந்து அந்த வேலையைச் செய்துவிடுவதால், வெளியிலிருந்து வரும் இறுக்கத்துக்கு அங்கே பெரிய பங்கு இல்லை.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 12 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த கட்டுரை, கடும் பயிற்சிக்குப் பின் தசைவலி குறையவும் பலம் திரும்பவும் இவ்வுடை மிதமாக உதவுவதாகச் சொன்னது. 2017இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 17 ஓட்டக்காரர்களை டைட்ஸோடும் டைட்ஸ் இல்லாமலும் ஓடவிட்டுப் பார்த்தனர். தசையின் அதிர்வு குறைந்தது, களைப்பு குறையவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே நைக்கி நிறுவனம் என்பதால் முடிவுக்கு மதிப்பு கூடுகிறது. “பயன் இல்லையென்றால் 2010இல் நீச்சல் போட்டிகளில் உடலை இறுக்கும் நீச்சல் உடைகளை ஏன் தடை செய்தார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில் 43 உலக சாதனைகள் வீழ்ந்தது உண்மை. ஆனால் பாலியூரிதேன் கலந்த அந்த உடைகள் உடலை மிதக்க வைத்தன, தண்ணீரின் இழுவையைக் குறைத்தன. தரையில் ஓடுகிறவருக்கு அந்த இரண்டாலும் ஆவது ஒன்றுமில்லை. “போட்டால் தெம்பாக இருக்கிறதே” என்பதை நான் மறுக்க மாட்டேன். அந்த உணர்வு உண்மையானது. பயிற்சிக்கு உற்சாகம் தந்தால் நல்லதே. மணலில் விழுந்து புரளும் கபடிக்காரருக்குச் சிராய்ப்பு குறைவதும், வெயிலில் தோல் கருகாமல் இருப்பதும் ஆதாயம்தான். அதற்குச் சாதாரண முழுக்கைப் பனியனே போதும், விலையும் குறைவு.

இந்தத் தீவின் கரையில் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் கூடினால் வியர்வை உலராது. உலராவிட்டால் உடல் குளிராது. அதன் மேல் கனமான லைக்ரா துணி சேர்ந்தால் சூடு இன்னும் தங்கும். உப்பும் மணலும் துணிக்குள் புகுந்து உரசினால் இடுக்குகளில் புண்ணும், ஈரம் தங்கினால் படர்தாமரையும் வரும். ஓடி முடித்துக் குளித்து, உலர்ந்த காலில் சில மணி நேரம் போட்டுக்கொள்வதே இங்கு சரிப்படும். வாங்கும்போது எஸ், எம், எல் என்ற எழுத்தை நம்பாமல், காலையில் வீக்கம் இல்லாத நேரத்தில் கணுக்காலின் மெலிந்த இடத்தையும் ஆடுசதையின் பருத்த இடத்தையும் நாடாவால் அளந்து, அட்டையில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். அழுத்தத்தை மில்லிமீட்டர் பாதரசத்தில் குறிப்பிடும் உடையே மேல். 15 முதல் 25 வரை பெரும்பாலானோருக்குப் போதும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்ற வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு ஓரிடத்தில் கயிறுபோல் இறுக்கினால் ரத்தம் கீழேயே தேங்கும். துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். தொளதொளத்த பின் அதில் பயன் இல்லை.

வாங்க வசதி இல்லாதவர் இழப்பது அதிகமில்லை. கடல்நீரில் ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் 23 மில்லிமீட்டர் அழுத்தம் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கணுக்காலுக்குக் கிடைப்பது 60க்கு மேல். கடையில் விற்கும் எந்த விளையாட்டுக் காலுறையும் அவ்வளவு தராது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் தீவின் தென்கடல் கொந்தளித்தாலும் வடகடல் அமைதியாக இருக்கும். பயிற்சி முடிந்து கொஞ்ச நேரம் அதில் நடக்கலாம். கரையேறியதும் அந்த அழுத்தம் போய்விடும் என்பது மட்டுமே குறை; மணிக்கணக்கில் வேண்டுமென்றால்தான் உடை தேவை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவ்வுடையை மாட்டக் கூடாது. ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி, சூடாகி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். காலுறை தேடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.