மேற்கோள் எண்ணிக்கையும் விஞ்ஞானியின் பணியும்

ஒரு விஞ்ஞானியின் பணியை எதைக் கொண்டு அளப்பது? பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி, பரிசு ஆகியவற்றை முடிவு செய்யும் குழுக்கள் யாவும் எதிர்கொள்ளும் கேள்வி இது. குழுவில் அமர்வோர் அனைவரும் விண்ணப்பதாரரின் துறையை அறிந்தவர்களாக இருப்பதில்லை. கட்டுரைகளை முழுமையாகப் படித்துப் பார்ப்பதற்குக் காலமும் கிடைப்பதில்லை. எனவே எண்கள் துணைக்கு அழைக்கப்படுகின்றன. எத்தனை கட்டுரைகள், அவை எத்தனை முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டன என்பதே பல இடங்களில் இறுதிச் சான்றாகிவிடுகிறது.

இந்த அளவுகோல் எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1955ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் மேற்கோள் அட்டவணை பற்றிய யோசனையை முன்வைத்தார். 1964இல் அவரது நிறுவனம் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை முறையாக வெளியிடத் தொடங்கியது. ஒரு கருத்து எந்தெந்தக் கட்டுரைகளின் வழியே பயணம் செய்துள்ளது என்பதை ஆராய்ச்சியாளர் தேடிக் கண்டுகொள்ள உதவுவதே அதன் முதல் நோக்கம். அது நூலகக் கருவியாகப் பிறந்தது. தராசாகப் பின்னரே மாறியது. 2005ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் 'எச்-குறியீடு' என்பதை வகுத்தார். ஒருவருடைய இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டு, இருபத்தொன்றுக்கு அந்நிலை எட்டப்படவில்லையாயின், அவரது குறியீடு 20 ஆகும். இந்தியாவிலும் 2010ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் வெளியீடுகளுக்குப் புள்ளிகள் வழங்கும் முறையை ஆசிரியர் நியமனத்திலும் பதவி உயர்விலும் புகுத்தின.

இத்தகைய எண்கள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டத் தவறுகின்றன என்பதை அறிய ஒருவருடைய பணியை எடுத்துப் பார்ப்பது பயன் தரும். பெங்களூரில் தொடங்கி, சென்னையில் முதிர்ந்து, மீண்டும் பெங்களூருக்கே திரும்பிய ஜி. என். இராமச்சந்திரனின் பணி அதற்கு மிகவும் ஏற்றது.

கொலாஜனும் ஒரு மறுப்பும்

1922ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் பிறந்த இராமச்சந்திரன், திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அவரைத் தமது இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டவர் சர் சி. வி. இராமன். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று 1949இல் பெங்களூர் திரும்பிய அவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியே இருந்தது. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் இராமனின் பரிந்துரையை ஏற்று அவரைத் தெரிவு செய்தார். மேற்கோள் அட்டவணை என ஒன்று அப்போது இருக்கவில்லை என்பதை இங்குக் குறிப்பிடலாம்.

அதே ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என எடுத்துரைத்தார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜனே. தோல் பதனிடுவோரின் மூலப்பொருளும் அதுதான். ஆகவே சென்னையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மாதிரிகள் கிடைத்தன. பெங்களூரிலிருந்து உடன் வந்த கோபிநாத் கர்த்தாவுடன் இராமச்சந்திரன் நடத்திய எக்ஸ்-கதிர் ஆய்வின் முடிவு 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் மும்முறுக்கு வடிவமே கொலாஜன் என்பது அதன் சாரம். மூன்றில் ஓர் இடத்தில் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். முறுக்கின் உட்பகுதியில் வேறெதற்கும் இடமில்லை. எலும்பு எளிதில் முறியும் பரம்பரை நோய்கள் பலவற்றில் ஒரே ஒரு கிளைசின் மாறியிருப்பதே காரணம் எனப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் தெரியவந்தபோது, இந்த விளக்கத்தின் மருத்துவப் பொருள் புலனாயிற்று.

ஆனால் 1955இல் அதே இதழில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் வேறோர் அமைப்பை முன்வைத்தனர். இராமச்சந்திரன் மாதிரியில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் காட்டப்பட்டிருந்தன. அவர்களோ ஒன்றே இருக்க முடியும் என்றனர். சில அணுக்கள் வேண்டிய இடைவெளியின்றி நெருங்கியிருக்கின்றன என்பது இராமச்சந்திரன் மாதிரியின்மேல் எழுந்த குறை. பின்னாளில் நுட்பமான ஆய்வுகள், குறிப்பாக 1994இல் வெளியானது, பிணைப்பைப் பொறுத்தவரை ரிச்-கிரிக் கூற்றுக்கே ஆதரவளித்தன. மும்முறுக்கு என்னும் அடிப்படை மட்டும் அசையாமல் நின்றது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுப்பதற்காகக் காட்டப்படும் மேற்கோளும் அட்டவணையில் ஒன்று என்றே பதிவாகும். பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் வேறுபாடு காணும் திறன் எண்ணுக்கு இல்லை. ஆயினும் இந்த மறுப்பே அடுத்த பெரும்பணிக்கு வித்தாயிற்று.

ஐந்து பக்கக் கட்டுரை

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இதனை ஊகத்துக்கு விடாமல், அதுவரை வெளியான படிக ஆய்வுகளிலிருந்து இடைவெளி அளவுகளை இராமச்சந்திரன் குழுவினர் திரட்டினர். புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் இரு பிணைப்புகளைச் சுற்றியே பெரும்பாலும் திருப்பம் நிகழ்கிறது. ஃபை, ஸை என்னும் அவ்விரு கோணங்களையும் ஒரு வரைபடத்தின் இரு அச்சுகளாகக் கொண்டு, எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாமல் இருக்கும் எனக் கணக்கிட்டனர். படத்தின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு தடைசெய்யப்பட்ட பகுதி என்று தெரிந்தது. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் எழுதிய இக்கட்டுரை 1963இல் மூலக்கூற்று உயிரியல் இதழில் ஐந்தே பக்கங்களில் வந்தது. மின்னணுக் கணிப்பொறி எளிதில் கிட்டாத சென்னையில், பெரும்பாலும் கைக்கணக்கின் வலிமையால் உருவான பணி இது.

இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இவ்வரைபடம் இராமச்சந்திரன் படம் என்ற பெயரிலேயே இடம்பெறுகிறது. 1971இல் நிறுவப்பட்ட புரதத் தரவு வங்கியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்துள்ளன. அங்கு ஒப்படைக்கப்படும் புரத அமைப்புகளின் தரச் சான்றறிக்கையில், எத்தனை விழுக்காடு அமினோ அமிலங்கள் இப்படத்தின் தடைப்பகுதியில் விழுகின்றன எனக் குறிக்கப்படுகிறது. ஆனால் அப்படத்தைப் பயன்படுத்துவோர் பலர் 1963ஆம் ஆண்டின் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. சோதிக்கும் கணிப்பொறி நிரலையே குறிப்பிடுகின்றனர். 1993இல் வெளியான 'புரோசெக்' அத்தகைய நிரல்களுள் ஒன்று. கருத்து பொதுச் சொத்தாகி, அதனைத் தந்தவரின் பெயர் அடிக்குறிப்பிலிருந்து நீங்கும் இந்நிலையைச் சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் முன்னரே சுட்டியிருந்தார். ஆகவே மிக ஆழமாகப் பயன்பட்ட ஓர் ஆய்வுக்கு எண்ணிக்கை குறைந்து தோன்றவும் கூடும்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையென 2014ஆம் ஆண்டுக் கணக்கொன்றில் முதலிடம் பெற்றது, ஆலிவர் லோரியும் துணைவர்களும் 1951இல் புரத அளவைக் கண்டறியும் முறை பற்றி எழுதியது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் பெற்ற அதனை மாபெரும் ஆய்வு என லோரியே கருதவில்லை. ஆய்வுக்கூடங்கள் அன்றாடம் கையாளும் முறை அது. அதனால் எண்ணிக்கை பெருகியது.

பெங்களூரும் ஊடுகதிர்ப் படமும்

1970களின் தொடக்கத்தில் இராமச்சந்திரன் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு மீண்டு, அங்கு மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். சசிசேகரனும் இராமகிருஷ்ணனும் அங்கு வந்து சேர்ந்தனர். ஆக்ஸ்போர்டில் டாரதி ஹாட்ஜ்கின் குழுவில் இன்சுலின் அமைப்பைக் கண்டறிவதில் பங்கேற்ற எம். விஜயனும் அப்பிரிவில் இணைந்து, நாட்டில் புரதப் படிகவியலை வேரூன்றச் செய்தார்.

அந்த மாற்றத்தை ஒட்டிய காலத்தில், 1971இல், ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இராமச்சந்திரன் எழுதிய கட்டுரை முற்றிலும் வேறொரு துறையைத் தொட்டது. ஒரு பொருளைப் பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு அதன் உள்ளமைப்பை மீட்டெடுப்பது எப்படி? படங்களை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உருவம் மங்கலாகிறது. நீண்ட ஃபூரியர் கணிப்பு செய்தால் கணிப்பொறியில் நேரம் விழுங்கப்படுகிறது. ஒவ்வொரு படத்தையும் முன்கூட்டியே ஒரு குறிப்பிட்ட சார்புடன் கலந்து கூர்மையாக்கிப் பின்னர் பரப்பினால், பெருக்கலும் கூட்டலுமே போதும் என்பது அவர்கள் காட்டிய வழி. வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இல் இதனை ஒத்த முறையைக் கண்டிருந்தனர். மருத்துவமனைகளின் சி.டி. ஸ்கேன் கருவிகளில் நெடுங்காலம் ஆண்ட கணிப்பு முறைக்கு இது அடிப்படையாயிற்று. அம்முறையின் வடிப்பானுக்கு 'ராம்-லாக்' என்றே பெயர்.

சி.டி. ஸ்கேனுக்காக 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலன் கார்மாக், அதற்கான தமது கணிதத்தை 1963, 1964 ஆண்டுகளில் வெளியிட்டபோது கவனிப்பார் ஏறத்தாழ இல்லை. அன்று ஐந்தாண்டு மேற்கோள் கணக்குக் கேட்டிருந்தால் அவர் தேறியிருக்க மாட்டார்.

கூட்டுப்பணியைப் பொறுத்தவரையும் எண் குறையுடையதே. கொலாஜன், கோணப்படம், ஊடுகதிர்ப் படம் ஆகிய மூன்றிலும் இராமச்சந்திரனுடன் உழைத்தவர்கள் அவருடைய மாணவர்களும் இளம் துணைவர்களுமே. இராமச்சந்திரன் படம் என்ற பெயர் சசிசேகரனையும் இராமகிருஷ்ணனையும் மறைத்துவிட்டது என்னும் குறை நியாயமானதே. கர்த்தா அமெரிக்காவிலுள்ள பஃபலோ நகருக்குச் சென்று, 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் முன்னணியில் நின்றார். சென்னையில் பெற்ற பயிற்சியின் பங்கு அதில் எவ்வளவு என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

இதழின் தாக்க எண்ணைக் கொண்டு தனிமனிதரை எடை போடலாகாது என 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் அறிக்கை வரைந்தனர். ஆய்வின் உள்ளடக்கத்துக்கே முதலிடம் தரவேண்டுமென 2018இல் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகமும் தனது கொள்கை அறிக்கையில் வற்புறுத்தியது. நடைமுறையில் இதன் பொருள் எளிது: தெரிவுக்குழு விண்ணப்பதாரரின் சில கட்டுரைகளையேனும் துறை அறிந்த இருவர் மூவரைப் படிக்கச் செய்ய வேண்டும், அதற்கான காலத்தை நிர்வாகம் ஒதுக்க வேண்டும். மேற்கோள் எண்ணிக்கையைக் கேட்பதில் தவறில்லை. எவர், எதற்காக, உடன்பட்டா மறுத்தா மேற்கோள் காட்டினர் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இராமச்சந்திரன் 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு 1999இல், அவர் மறைவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், அவருக்குக் கிட்டியது. ஐந்து பக்கக் கட்டுரை வெளிவந்து அப்போது முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.