மேரி கியூரி வீட்டுக் குட்டிப் பெண்கள்!

மேரி கியூரி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது, குழந்தைகளே? ரேடியம், ஆய்வுக்கூடம், இரண்டு நோபல் பரிசுகள்... பாடப் புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கும். அந்த அம்மையாருக்கு ஒரு வீடு இருந்தது, அதில் இரண்டு பெண் குழந்தைகள் ஓடி விளையாடினார்கள் என்பதெல்லாம் பரீட்சைக்கு வராது. அதனால் யாரும் சொல்வதில்லை. இன்று ஆய்வுக்கூடத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்த வீட்டுக்குள் போய்ப் பார்ப்போமா?

மூத்தவள் ஐரீன், 1897 செப்டம்பர் 12ல் பிறந்தவள். இளையவள் ஈவ், 1904 டிசம்பர் 6ல் பிறந்தவள். இருவருக்கும் ஏழு வயது வித்தியாசம். அப்பா பியரி கியூரியும் விஞ்ஞானி. பாரிஸ் நகரின் ஓரத்தில், தோட்டம் உள்ள வீடு. வீட்டில் தாத்தாவும் உண்டு. பியரியின் தந்தையான அவர் பெயர் யூஜின் கியூரி. மருத்துவராக இருந்தவர். ஐரீன் பிறந்த சில நாட்களில் பாட்டி இறந்துவிட, தாத்தா மகன் வீட்டோடு வந்துவிட்டார். காலையில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பேத்திக்குப் பூக்களின் பெயர் சொல்லிக் கொடுத்தது, கதை சொன்னது, கவிதை படித்துக் காட்டியது எல்லாம் தாத்தாதான். நம் ஊர் வீடுகள் போலவே இருக்கிறது இல்லையா?

மேரி அம்மையாருக்கு எதையும் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. 1898ம் ஆண்டு ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என்று இரண்டு புதிய தனிமங்களை உலகுக்கு அறிவித்தார்கள் அல்லவா? அதே ஆண்டு அவர் வீட்டில் எழுதிய நோட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? குழந்தை ஐரீனுக்கு ஏழாவது பல் முளைத்த செய்தி! எடை எவ்வளவு, என்ன சாப்பிட்டாள், எப்போது நடந்தாள் என்று எல்லாம் தேதியோடு. பழ ஜெல்லி காய்ச்சியதைக்கூட, எத்தனை பவுண்டு பழத்துக்கு எத்தனை பவுண்டு சர்க்கரை என்று சமையல் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். வீட்டுச் செலவுக் கணக்குக்குத் தனி நோட்டு.

இனி, 1906ம் ஆண்டு வசந்த காலத்துக்கு வருவோம்.

நமக்கு ஏப்ரல் என்றால் சித்திரை வெயில். எப்போது நிழல் கிடைக்கும் என்று தேடுவோம். பிரான்சில் கதை வேறு. மாதக் கணக்கில் குளிர், மூட்டம், மழை. ஏப்ரலில் நல்ல வெயில் அடித்தால் ஊரே வெளியே வந்துவிடும். அந்த ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நல்ல வெயில். கியூரி குடும்பம் பாரிசுக்கு வெளியே, செயின்ட் ரெமி என்ற கிராமத்துக்குச் சில நாட்கள் தங்கப் போனது.

அங்கே தினமும் மாலையில் எல்லோருமாகச் சேர்ந்து பக்கத்துப் பண்ணைக்குப் பால் வாங்கப் போவார்கள். ஈவுக்கு அப்போது ஒன்றரை வயது கூட ஆகவில்லை. மண் பாதையில் வண்டிச் சக்கரம் பதிந்து காய்ந்த தடம் இருக்கும். அந்தத் தடத்துக்குள்தான் நடப்பேன் என்று அவளுக்குப் பிடிவாதம். தள்ளாடித் தள்ளாடி அவள் நடப்பதைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. ஐரீன் கையில் பச்சை நிற வலை. பட்டாம்பூச்சி ஒன்று சிக்கிவிட்டால் கூச்சல்! அப்பாவும் அம்மாவும் புல்வெளியில் படுத்தபடி அவள் ஓடுவதைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சைக்கிளில் காட்டுப் பக்கம் போய், பூங்கொத்தோடு திரும்பினார்கள். இவர்கள் திருமணப் பரிசாக வந்த பணத்தில் சைக்கிள் வாங்கியவர்கள். அதில்தான் தேனிலவும்! மறுநாள், காட்டுக்குள் முன்பு தான் பார்த்த அல்லிக் குளத்தைக் காட்டுகிறேன் என்று பியரி எல்லோரையும் கூட்டிப் போனார். ஈவ் அவர் தோளில். போய்ப் பார்த்தால் குளம் பாதி வற்றிக் கிடக்கிறது. ஒரு அல்லி கூட இல்லை. ஆனால், கரை முழுக்க மஞ்சள் பூக்கள் பூத்துக் குலுங்கின. குழந்தைகள் காட்டுப் பூக்களைப் பறித்தார்கள். அன்று மாலை அப்பா மட்டும் பூங்கொத்துடன் ரயிலேறி பாரிஸ் திரும்பினார். புதன்கிழமை அம்மாவும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அன்றே வெயில் போய் மழையும் குளிரும் திரும்பிவிட்டன.

வியாழக்கிழமை, ஏப்ரல் 19. மழையில் நனைந்த தெருவைக் கடக்கும்போது, பியரி கியூரி பாரம் ஏற்றிய குதிரை வண்டியில் அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்து போனார். 46 வயது.

ஐரீனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அது இன்னொரு விஞ்ஞானியான ழான் பெரின் வீடு. அப்பாவுக்குத் தலையில் அடி, ஓய்வு எடுக்க வேண்டும் என்றுதான் அவளிடம் முதலில் சொன்னார் அம்மா. அடக்கம் எல்லாம் முடிந்த பிறகே அங்கே போய் உண்மையைச் சொன்னார். ஐரீன் கேட்டாள், பேசாமல் விளையாட்டைத் தொடர்ந்தாள். சின்னப் பெண், புரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு அம்மா வெளியேறினார். அவர் தலை மறைந்ததும் ஐரீன் விம்மி அழுது, அம்மாவிடம் கொண்டு போய் விடுங்கள் என்று கேட்டாளாம். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியாது என்று பெரியவர்கள் நினைத்துக் கொள்கிறோம். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் புரியும். அழ இடம் பார்த்துக் காத்திருப்பார்கள்.

இனி இந்த வீடு எப்படி நடக்கப் போகிறது? அரசாங்கம் உதவித்தொகை தர முன்வந்தது. எனக்கு 38 வயதுதான், உழைத்து என் பெண்களைக் காப்பாற்ற என்னால் முடியும் என்று மேரி மறுத்துவிட்டார். கணவர் பாடம் நடத்திய சார்போன் பல்கலைக்கழகத்தில் அவருடைய வேலையை இவரிடம் ஒப்படைத்தார்கள். 1906 நவம்பர் 5ல், பியரி விட்ட இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். அங்கே பாடம் நடத்திய முதல் பெண் அவர்தான்.

தாத்தாவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. அவருக்கு இன்னொரு மகனும் உண்டு. அங்கே போக விருப்பமா என்று மருமகள் கேட்டபோது, இங்கேயே இருக்கிறேன் என்றார். அவர் மட்டும் இல்லை என்றால் என்ன ஆகியிருக்குமோ! மேரி அம்மையார் துயரத்தில் வாயடைத்துப் போயிருந்தார். பிள்ளைகள் எதிரில் பியரியின் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டில் சிரித்துப் பேச ஆள் தாத்தா ஒருவர்தான்.

அடுத்த ஆண்டு, 1907ல், பாரிசுக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்கு வீடு மாறினார்கள். ஊர் பெயர் 'சோ'. (பிரெஞ்சில் ஆறு எழுத்து எழுதிவிட்டு 'சோ' என்று மட்டும்தான் சொல்வார்கள்!) பியரியை அடக்கம் செய்த ஊர் அது. அங்கிருந்து பாரிசுக்கு ரயிலில் அரை மணி நேரம். அம்மா தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வந்தார். வீடு சாதாரணமானதுதான், ஆனால், தோட்டம் உண்டு. ஐரீனுக்கு அதில் தனியாக ஒரு பாத்தி கொடுத்தார்கள். அதில் அவள் இஷ்டப்பட்டதை விதைக்கலாம். தோட்டத்தில் உயரமாக ஒரு குறுக்கு மரம் நட்டு, தொங்கும் வளையங்கள், ஏறுவதற்குக் கயிறு எல்லாம் கட்டிவிட்டார் அம்மா. பெண் பிள்ளைகள் கயிறு ஏறுவதா என்று முகம் சுளிக்கும் காலம் அது. அவர் கேட்டால்தானே!

காலையில் ஒரு மணி நேரம் படிப்போ, கையால் செய்யும் வேலையோ. பிறகு, வெயிலானாலும் மழையானாலும் நீண்ட நடை. தையல், சமையல், களிமண் பொம்மை, சைக்கிள், நீச்சல் என்று எல்லாம் உண்டு. வீட்டில் போலந்து நாட்டுப் பெண் ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். மேரி பிறந்தது போலந்தில் அல்லவா? தாய்மொழி பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இடி இடித்தால் தலையணைக்குள் தலையைப் புதைக்கக் கூடாது. இருட்டுக்குப் பயப்படக் கூடாது. இதெல்லாம் அந்த வீட்டுச் சட்டம்.

பள்ளிக்கூடம்? இங்கேதான் ஒரு வேடிக்கை! நாள் முழுவதும் பிள்ளைகளை வகுப்பறையில் அடைத்து வைப்பது மேரி அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. தம்மைப் போன்ற பேராசிரியர்களைச் சேர்த்து, நம் பிள்ளைகளுக்கு நாமே பாடம் நடத்துவோம் என்றார். பத்துப் பிள்ளைகள், அதில் ஐரீனும் ஒருத்தி. ஈவ் மிகவும் சின்னவள் என்பதால் சேர்க்கவில்லை. வேதியியலுக்குப் பக்கத்து வீட்டு ழான் பெரின்; 1926ல் நோபல் பரிசு வாங்கியவர் இவர். கணக்குக்கு லாங்கெவின் என்ற பெரிய விஞ்ஞானி. இயற்பியலுக்கு மேரி அம்மையாரே! இப்படி ஒரு ஆசிரியர் பட்டியல் எந்தப் பள்ளிக்காவது வாய்க்குமா? ஒழுங்காக எழுதப் படிக்கவே தெரியாத பொடியன்களுக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், கட்டடம் இன்னும் வெடிக்காமல் இருப்பதே ஆச்சரியம் என்று ஒரு பத்திரிகை கேலி செய்ததாம்.

வியாழக்கிழமை மதியம் மேரியின் வகுப்பு. சைக்கிளுக்குள் இருக்குமே சின்ன எஃகுக் குண்டுகள், 'பால்ரஸ்' என்போமே, அவற்றை மையில் தோய்த்துச் சாய்வான பலகையில் உருட்டிவிடுவார். குண்டு ஓடிய பாதை பலகையில் வளைகோடாகப் பதிந்துவிடும். பொருள்கள் எப்படி விழுகின்றன என்ற விதியைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். இன்னொரு நாள் ஒரு கேள்வி கேட்டார். பாத்திரத்தில் சூடான திரவம் இருக்கிறது. அதை ஆறாமல் வைத்திருப்பது எப்படி? கம்பளியைச் சுற்றலாம் என்றது ஒரு பிள்ளை. வேறு பிள்ளைகளும் பெரிய பெரிய யோசனைகள் சொன்னார்கள். மேரி சிரித்துக்கொண்டே, நானாக இருந்தால் முதலில் மூடி போட்டு மூடுவேன் என்றாராம்!

நீங்களும் செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் சம அளவு வெந்நீர். ஊற்றும் வேலையை அம்மாவிடமோ அப்பாவிடமோ விட்டுவிடுங்கள். ஒன்றைத் தட்டால் மூடுங்கள். மற்றதைத் திறந்து வையுங்கள். கால் மணி நேரம் கழித்து இரண்டையும் வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. மூடி அதைத் தடுத்துவிடுகிறது.

இந்தப் பள்ளி இரண்டு ஆண்டுகள்தான் நடந்தது. பேராசிரியர்களுக்கு வேலை அதிகம். பிள்ளைகளும் பரீட்சை எழுதியாக வேண்டுமே! அதன் பிறகும் ஐரீனுக்குக் கணக்கு தப்பவில்லை. விடுமுறைக்கு வெளியூர் போனால், அம்மாவின் கடிதத்தில் நலம் விசாரிப்போடு கணக்கும் வரும். விடையை எழுதி ஐரீன் பதில் போடுவாள்.

1910 பிப்ரவரியில் தாத்தாவும் போய்விட்டார். ஐரீனுக்கு 12 வயது, ஈவுக்கு 5 வயது.

எல்லாம் இனிப்பாகவே நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா எவ்வளவோ முயன்றும் தம் இளமைப் பருவம் மகிழ்ச்சியாக இல்லை என்று ஈவே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதிகம் பேசாத அம்மா, எப்போதும் வேலை. ஐரீனுக்கு அம்மாவின் கணக்கும் அறிவியலும் பிடித்திருந்தன. அவள் எப்படியோ ஒட்டிக்கொண்டாள். ஈவுக்கு ஆய்வுக்கூடத்தில் நாட்டமில்லை. அவள் விரல்கள் பியானோவில் ஓடின. இந்த இடத்தில்தான் மேரி அம்மையாரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், சின்ன மகளையும் விஞ்ஞானியாக்க வேண்டும் என்று காதைத் திருகவில்லை. இந்தக் குழந்தைக்கு இசைத் திறமை இருக்கிறது என்று சின்ன வயதிலேயே குறித்து வைத்தார். பியானோ படிக்க விட்டார். டாக்டராகு, இன்ஜினியராகு என்று வீட்டில் தினமும் கேட்கும் பிள்ளைகள், இந்தப் பத்தியை அப்பா அம்மா கண்ணில் படும்படி மேஜை மேல் வையுங்கள்!

ஐரீன் பெரியவளானதும், முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு எக்ஸ்ரே எடுக்க அம்மாவோடு போர்முனைக்குப் போனார். கணவர் பிரடெரிக் ஜோலியோவுடன் சேர்ந்து 1935ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அதைப் பார்க்க அம்மா இல்லை. 1934 ஜூலை 4ல் இறந்துவிட்டார். கடைசி நாட்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? பியானோக்கார ஈவ்தான்.

அம்மா போன பிறகு, ஈவ் அவருடைய கடிதங்களையும் குறிப்பு நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு அவர் வரலாற்றை எழுதினார். 1937ல் வந்த அந்தப் புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. அப்பா இறந்த ஆண்டில் மேரி ரகசியமாக ஒரு நோட்டு எழுதியிருந்தார். இறந்த கணவரோடு பேசுவது போலவே எழுதியது. பிள்ளைகளிடம் சொல்லாததை எல்லாம் அதில் சொல்லியிருந்தார். பால் வாங்கப் போன மாலைகள், பட்டாம்பூச்சி வலை... ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தைக்கு அப்பாவின் தோள் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? அம்மாவின் எழுத்து வழியாகத்தான் ஈவ் அப்பாவைத் தெரிந்துகொண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது ஈவ் பத்திரிகையாளராகப் பல நாடுகள் சுற்றினார். 1942ல் இந்தியாவுக்கும் வந்து காந்திஜியையும் நேருவையும் சந்தித்தார். பிற்பாடு, குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பான யுனிசெப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹென்றி லபூயிசின் மனைவியாக ஏழை நாடுகளுக்குப் போய் வந்தார். 1965ல் அந்த அமைப்புக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது மேடையேறி வாங்கியவர் இவர் கணவர். அந்தக் குடும்பத்தில் நோபல் பக்கமே போகாதவர் ஈவ் ஒருவர்தான். ரேடியத்தின் பக்கமும் போகவில்லை. 2007 அக்டோபரில் அவர் மறைந்தபோது வயது 102!