முயலுக்கு நாலு கால்!

"தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று சாதிப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால், ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள படவேட்டில் என் மாணவன் ஒருவன் சென்ற கோடையில் கொண்டுவந்து காட்டிய வெள்ளை முயலுக்கு மெய்யாகவே மூன்று கால்தான் பயன்பட்டது. நான்காவது காலை அது தரையில் ஊன்றவே இல்லை. பின்னங்காலின் அடியில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, நடுவில் புண் கண்டிருந்தது. பையனுடன் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கூண்டின் தளத்துக்குக் கோழி வலையைக் கட்டியிருந்தார்கள். காரணம் விளங்கிவிட்டது.

நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தை உண்டு. முயலுக்கு அது கிடையாது. அடர்ந்த மயிரே அதன் பாதரட்சை. உட்காரும்போது உடலின் பாரம் பெரும்பாலும் பின்னங்கால்களின் மேல் விழுகிறது. கோழி வலையோ மெல்லிய கம்பியை முறுக்கிச் செய்தது. அந்த முறுக்குகள் காலை உறுத்தும். நாளடைவில் வலை தூளிபோல் தொய்ந்தும் விடும்.

அப்படியானால் கம்பியே வேண்டாம், பலகை போதும் என்று சொல்லிவிடலாமா? அதுவும் அபாயமே. முயற்குட்டிகளை வாரிக்கொண்டு போகும் கழிச்சல் நோய்களுள் ஒன்று காக்சிடியா என்னும் நுண்ணுயிரால் வருவது. அதன் முட்டைகள் புழுக்கையோடு வெளிவந்து, ஈரத்தில் சில நாட்களில் முதிர்ந்து, தீனியோடு மறுபடி வயிற்றுக்குள் போகின்றன. புழுக்கை கம்பியின் இடுக்கில் கீழே விழுந்துவிட்டால் இந்தச் சங்கிலி அறுபடுகிறது. முயல் தன் மென்மையான மலத்தைத் தின்னும் வழக்கம் உடையதாயிற்றே என்று சிலர் கேட்கலாம். அதை அது நேரே வாயால் எடுத்துக்கொள்ளும். கம்பித்தளம் அதற்குத் தடையன்று.

ஆகவே, எந்தக் கம்பி என்பதே கேள்வி. கடையில் துத்தநாக முலாம் பூசிய 'வெல்டு மெஷ்' என்று கேளுங்கள். கம்பி 14 கேஜ், அதாவது சுமார் 2 மில்லிமீட்டர் கனம். கண் அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலம். பற்றவைத்த பிறகு முலாம் பூசியதானால் சீக்கிரம் துருப்பிடிக்காது. பட்டில் பாவும் ஊடும் போல இதிலும் இருவரிசைக் கம்பிகள் உண்டு. அரை அங்குல இடைவெளியில் நெருங்கி ஓடும் வரிசை மேல்புறம் இருக்க வேண்டும். கண் இதைவிடப் பெரிதானால் கால் நுழைந்து சிக்கும். சிறிதானால் புழுக்கை தங்கும். வலை தொய்யாமல் அடியில் இரும்புச் சட்டம் கொடுக்க வேண்டும். உடல் கனத்த முயல்களுக்கு இளைப்பாற ஒரு பலகையும், ஈனும் முயலுக்கு வைக்கோல் பரப்பிய மரப்பெட்டியும் அவசியம்.

வாங்கிப் போட்டதோடு கடமை தீர்ந்துவிடாது. ஒட்டிய மயிரையும் புழுக்கையையும் தினந்தோறும் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். முயலின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது கம்பியில் வெள்ளையாகப் படியும். காடி தடவிச் சற்று ஊறவிட்டுத் தேய்த்தால் கரைந்துவிடும். சாதாரண பினாயிலுக்குக் காக்சிடியாவின் முட்டைகள் மசிவதில்லை. முயல்களை வெளியேற்றிவிட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றி, நல்ல வெயிலில் உலர்த்துவதே சிறந்த வழி.

ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளுக்கு ஒரு சுலபமான பரீட்சை சொல்கிறேன். பட்டுத் துணுக்கு ஒன்றைத் தளத்தின் மீது மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை சிக்கும் இடமெல்லாம் முயலின் காலைக் கிழிக்கும் இடம். அங்கே அரம் கொண்டு தேயுங்கள். துரு ஏறியிருந்தால் வலையையே மாற்றுங்கள்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் அரசினரின் ஆராய்ச்சி நிலையங்கள் முயல் வளர்க்கின்றன. அங்கே குளிர்ச்சி இயற்கையாகக் கிடைக்கிறது. சமவெளியில் நாம்தான் நிழலும் காற்றும் தேடித்தர வேண்டும். கம்பித்தளம் கீழிருந்தும் காற்றை விடுவது நமக்கு இன்னொரு லாபம்.

மாணவனின் வீட்டில் தளத்தை மாற்றினார்கள். கால்நடை மருத்துவர் களிம்பு கொடுத்தார். சில வாரங்களுக்குப் பின் பையன் வகுப்பறை வாசலிலேயே நின்று கூவினான்: "சார், முயலுக்கு நாலு கால்!"

சாதிப்பதற்கு இதைவிட நல்ல வழக்கு வேறு எது?