வெடிக்காத குண்டுகள்

குண்டு என்ற சொல்லைக் கேட்டதும் யாருக்கும் நெஞ்சு துணுக்குறும். இங்கே சொல்லப்போகும் குண்டோ மழை பெய்தால் பூக்கும்! விதைப் பந்து என்பது அதன் சாதுவான பெயர்.

ஜப்பானிய விவசாயி மஸனோபு புகுவோகா (1913–2008) பழைய வழக்கமொன்றைப் புதுப்பித்து உலகுக்கு அளித்த முறை இது. களிமண் 5 பங்கு, மக்கிய எரு 3 பங்கு, விதை 1 பங்கு. நீர் தெளித்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, நிழலில் உலர்த்த வேண்டியதுதான். குழந்தைகளுக்கு இதைவிட உற்சாகமான வேலை கிடையாது. மண்ணுறை இருப்பதால் எறும்பும் பறவையும் விதையை எளிதில் தின்ன முடிவதில்லை. மழையில் உறை இளகியதும் முளை கிளம்புகிறது.

திருவள்ளூர் ஜில்லாவில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துப் புழுதி படிந்த சாலையோரங்கள் இதற்கு ஏற்றவை. ஆனால் எந்த விதை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அழகுக்கென்று வந்த உண்ணிச் செடியும் விறகுக்கென்று வந்த சீமைக் கருவேலமும் இந்நாட்டு மண்ணில் செய்திருக்கும் ஆக்கிரமிப்பு போதாதா? ஆகையால் அன்னியப் பூ விதைகளை நாடாமல் ஆவாரை, தும்பை, கொழுஞ்சி ஆகியவற்றின் முற்றிய விதைகளைச் சேகரியுங்கள். ஆவாரை வறட்சிக்கு அஞ்சாது. தும்பை தேனீயை அழைக்கும். கொழுஞ்சி மண்ணுக்கே உரமூட்டும்.

புரட்டாசியில் உருட்டி, ஐப்பசி மழைக்கு முன் வீசுங்கள். பிறர் நிலமானால் அனுமதி பெறுவதே முறை. நூறு வீசினால் சிலவே பிழைக்கும். அந்தச் சில செடிகளே அடுத்த ஆண்டுக்கு விதை தரும்.